தரை காய்ந்திருக்கிறது, கூலண்ட் குறைகிறது

இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டை ரிசர்வ் டேங்கில் மேல்கோடு வரை ஊற்றி வைத்தால் சில வாரங்களில் கீழ்கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மறுபடி ஊற்றினால் மறுபடி அதே கதை. வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே கிடையாது. டெம்பரேச்சர் முள்ளும் வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு அசையவில்லை. ஹோஸ் வெடித்துக் கொட்டியிருந்தால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இப்படிச் சத்தமில்லாமல் குறையும் கசிவுதான் ஆளைச் சுற்றவிடும்.

ரிசர்வ் டேங்கிலிருந்து கொஞ்சம் ஆவியாவது இயல்பு. ஆனால் இது அந்த அளவைத் தாண்டிவிட்டது, எங்கேயோ போகிறது. போவதற்கு வழிகள் அதிகமில்லை. வெளியே சொட்டலாம். சூடான பாகத்தின் மேல் விழுந்து, தரையைத் தொடும் முன்பே ஆவியாகலாம். மூடி சரியில்லாமல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியேறலாம். ஹீட்டர் வழியாகக் காருக்குள் கசியலாம். எல்லோரும் பயப்படும் கடைசி வழி, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ கலப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு: ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கியர் ஆயிலும் கூலண்டும் கலந்து இளஞ்சிவப்புக் குழம்பாகிவிடும். என்னுடையது கை கியர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ரேடியேட்டர் கழுத்துக்குள் பார்க்க வேண்டும், அதுவும் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு. ஓடி நின்ற எஞ்சினில் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறதென்றால் அதற்கு உள்ளே இருக்கும் அழுத்தமும் ஒரு காரணம். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது ஒரே வீச்சில் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்புகூட இல்லாமல், அமுக்கினால் தளர்வாக அமுங்கினால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

திறந்து பார்த்தபோது ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்திருந்தது. இது நல்ல செய்தி. எஞ்சின் ஆறும்போது உள்ளே கூலண்ட் சுருங்குகிறது, அந்த வெற்றிடம் ரிசர்வ் டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் பாதை வேலை செய்வதால்தான் இழப்பெல்லாம் டேங்கின் கணக்கில் தெரிகிறது. இதற்கு நேர்மாறாக டேங்க் நிறைந்திருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால், மூடியின் அடியில் இருக்கும் சின்ன வால்வையோ டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசலையோ சந்தேகிக்க வேண்டும். டேங்கைப் பார்த்து நிம்மதியாக ஓட்டி, எஞ்சினை வேகவைத்தவர்கள் உண்டு.

அடுத்து மூடி. கையடக்கப் பொருள், அதனாலேயே பலர் அதை ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. என்னுடையதில் 0.9 என்று பொறித்திருக்கிறது, அதாவது 0.9 பார், இன்னொரு அழுத்த அலகில் ஏறத்தாழ 13 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி பாதி அழுத்தத்திலேயே திறந்துகொண்டால், கூலண்ட் டேங்குக்குப் போய், டேங்க் நிரம்பி, வழிந்து சாலையில் போய்விடும். தரையில் எதுவும் தெரியாது. அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் பிரஷர் டெஸ்டருடன் வரும் அடாப்டரில் மூடியை மாட்டிப் பம்ப் செய்தேன். 13-ஐ ஒட்டித் திறந்தது, அதற்குக் கீழே பிடித்து நின்றது. ரப்பரில் கழுத்து விளிம்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தாலும் அடைப்பு நன்றாகவே இருந்தது. மூடியை விட்டுவிட்டேன்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது. அது மனதில் இருக்கும்வரை மற்ற எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆயில் மூடியின் அடியில் லேசான வெளிறிய பூச்சு இருந்தது. அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில், உள்ளே படியும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து இப்படிப் பால்போல ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் விஷயம் வேறு. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தேன். கூலண்ட் புகும் சிலிண்டரின் பிளக் நீராவி பட்டுப் பட்டு மற்றவற்றைவிடச் சந்தேகப்படும் அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். இங்கே நான்கும் ஒரே மாதிரிப் பழுப்பு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கிறதா என்றும் பார்த்தேன். கூலண்ட் சூடாகும் முன்பே அழுத்தம் ஏறுகிறதென்றால் எரிந்த வாயு உள்ளே நுழைகிறது என்று பொருள். ஹோஸ் மெத்தென்று இருந்தது.

இதற்கு மேல் உறுதி வேண்டும் என்றால் நீலத் திரவச் சோதனை. புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, ஓடும் எஞ்சினிலிருந்து மேலே வரும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும். கழுத்தில் கூலண்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் கூலண்டே குழாய்க்குள் ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. அந்த அத்தியாயம் முடிந்தது.

ஹீட்டரைச் சோதிப்பதற்குக் கருவி தேவையில்லை, மூக்கு போதும். ஹீட்டருக்குள் சின்ன ரேடியேட்டர்போல இருக்கும் ஹீட்டர் கோர் கசிந்தால் காருக்குள் ஒரு தித்திப்பான வாடை வரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும், டாஷ்போர்டின் கீழே கார்ப்பெட் நனையும். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தேன். தூசிதான் ஒட்டியது.

ஆக, கசிவு வெளியேதான். இனி பிரஷர் டெஸ்டர். கைப்பம்பும் கேஜும் சேர்ந்த கருவி, ரேடியேட்டர் மூடியின் இடத்தில் உட்காரும். எஞ்சின் ஓடாமலேயே, சுடாமலேயே, ஓடும்போது இருக்கும் அழுத்தத்தை உள்ளே உண்டாக்கலாம் என்பதுதான் இதன் அருமை. சூட்டில் ஆவியாகி மறைந்துபோகும் கசிவு, ஆறிய எஞ்சினில் சொட்டாகவே வெளியே வந்து நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் பம்ப் செய்யக்கூடாது. பழைய ரேடியேட்டரில் இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கிவிடுவோம்.

இதில் பலருக்கும் குழப்பம் தரும் விஷயம் ஒன்று உண்டு. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அழுத்தம் ஏற்றிவிட்டுப் போனால், ஆற ஆற உள்ளே சுருங்கி, கசிவே இல்லாவிட்டாலும் முள் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்து வண்டியைப் பிரித்துப் போட்டால் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. இரவெல்லாம் நின்ற எஞ்சினில் காலையில் செய்வதுதான் கணக்கு. அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டை முதலில் கழற்றிவிட்டேன். சின்னக் கசிவையெல்லாம் இந்தத் தட்டு வாங்கி வைத்துக்கொண்டு, தரை காய்ந்திருக்கிறது என்று நம்பவைக்கும். இதில் ஒரு மூலையில் காய்ந்த பச்சை வளையம் ஒன்று இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

13 பிஎஸ்ஐ ஏற்றினேன். பத்து நிமிடத்தில் 12. ஒரு மணி நேரத்தில் 10. டார்ச் அடித்து ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடு, பம்ப் எல்லாம் பார்த்தேன். ஈரம் இல்லை. கேஜ் பொய் சொல்கிறதா என்ற சந்தேகம் வராமல் இருக்காது. டெஸ்டரின் கழுத்து ரப்பர் சரியாக உட்காராமல் அங்கேயே காற்று போகலாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. மறுபடி 13 ஏற்றி இரவு முழுக்க விட்டுவிட்டேன்.

காலையில் முள் பூஜ்யத்தில். கியர்பாக்ஸின் மணிக்கூடு, அதாவது பெல் ஹவுசிங் எனும் மணி வடிவ உறை, எஞ்சினோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம், விரல்நுனி அளவு ஈரம். தொட்டு மோந்தால் கூலண்ட் வாடை. அவ்வளவுதான் கிடைத்தது, ஆனால் அது போதும்.

சொட்டும் இடம் கசியும் இடம் அல்ல என்பது வேலை தெரிந்த யாரும் சொல்வதுதான். எந்தப் பக்கம் தேடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் கூலண்ட் மேலிருந்து கீழே வரும். ஓடும் வண்டியில் முன்னிருந்து பின்னே வரும், ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் தள்ளிக்கொண்டு போகும். அதனால் ஈரத்துக்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். நிறுத்தி வைத்துச் செய்த சோதனை என்பதால் என் விஷயத்தில் மேலே மட்டும் போனால் போதும்.

பிளாக்கின் பின்பக்கத்தில், மணிக்கூட்டுக்கு மேலே என்னென்ன இருக்கிறது? ஹெட் கேஸ்கெட்டின் பின்விளிம்பு. பிளாக்கின் வார்ப்பு ஓட்டைகளை அடைக்கும் கிண்ண வடிவ கோர் பிளக்குகள், அவற்றில் ஒன்று மணிக்கூட்டுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும். அந்தப் பிளக் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது. எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஹீட்டர் ஹோஸ்கள். அவற்றை வாட்டர் பம்போடு இணைக்கும் நீளமான எஃகுக் குழாய், பிளாக்கை ஒட்டியே கிடைமட்டமாகப் போகும்.

இதற்கிடையே வாட்டர் பம்ப் ஒரு நாடகம் நடத்திக்கொண்டிருந்தது. பம்பின் உடலில், அச்சுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் இந்த ஓட்டை வழியாக வெளியே வரும்படி வேண்டுமென்றே வைத்திருப்பது. என் பம்பின் ஓட்டைக்குக் கீழே வெளிறிய பச்சைக் கோடு ஒன்று தெளிவாக இருந்தது. பார்த்ததும் "பம்ப் போச்சு" என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் கறைக்குத் தேதி கிடையாது. சீல் புதிதாக இருந்து பழகும் காலத்தில் வடிந்த கோடாகவும் இருக்கலாம். ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினேன், ஆட்டமில்லை. சுழற்றினேன், கரகரப்பில்லை. இரவு முழுக்க அழுத்தத்தில் நின்ற பிறகும் துடைத்த இடம் காய்ந்தே இருந்தது. பம்பை விடுதலை செய்தேன். டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்பாக இருந்தால் இந்த ஓட்டை மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும், கூலண்ட் பெல்ட்டில் பட்டு அதையும் கெடுக்கும். அங்கே இவ்வளவு நிதானம் காட்ட மாட்டேன்.

பின்பக்கம் கண் போகவில்லை. கைபேசியை வீடியோவில் போட்டு, இன்டேக் மேனிஃபோல்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே விட்டு மெதுவாக நகர்த்தினேன். தலையை நுழைக்க முடியாத இடத்தில் கைபேசி கேமராவைப்போல உதவுவது வேறில்லை. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கழுத்தை ஒடித்துக்கொண்ட காலம் போகட்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது பிளாக்கின் வார்ப்பு விளிம்பில் காய்ந்த தடம் ஒன்று தெரிந்தது. ஓரத்தில் வெண்மை, நடுவில் பச்சை, சில இடங்களில் துருநிறம். தண்ணீர் ஆவியாகிப் போக, கலந்திருந்த உப்புகளும் சாயமும் படிந்து படிந்து உண்டான மேடு. கூலண்ட் பலநாளாக அதே பாதையில் வந்து, எஞ்சின் சூட்டில் அங்கேயே காய்ந்திருக்கிறது. தரைக்கு ஏன் எதுவும் வரவில்லை என்பதற்கு விடையும் அதுதான்.

சாயத் திரவம் வாங்கிக் கலக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பழைய பாணிப் பச்சைக் கூலண்ட் பலவற்றில் ஃப்ளூரசின் சாயம் ஏற்கெனவே கலந்திருக்கும், அது தானாகவே ஒளிரும். இருட்டில் அந்தத் தடம் மஞ்சள் கலந்த பச்சையில் மின்னியது, மேலே போகப் போக மெலிந்து, எஃகுக் குழாயின் முனையில் ஹீட்டர் ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் முடிந்தது. அதற்கு மேல் ஒளிர்வே இல்லை. ஹெட் கேஸ்கெட்டின் விளிம்பும் கண்ணுக்குத் தெரிந்த கோர் பிளக்குகளும் கறுப்பாகக் கிடந்தன. ஆரஞ்சு, இளஞ்சிவப்புக் கூலண்டுகளில் இந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம், சாயம் தனியாகத்தான் கலக்க வேண்டும்.

உறுதிப்படுத்த மலிவான வழி டிஷ்யூ பேப்பர். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான முனையிலும் பக்கத்து இணைப்புகளிலும் ஒவ்வொரு துண்டு சுற்றிவிட்டு, மறுபடி 13 ஏற்றினேன். அந்த முனையில் சுற்றிய பேப்பர் மட்டும் கீழ்ப்பக்கம் மெதுவாகப் பச்சையாக ஊறியது.

இங்கே ஒரு சுவாரசியம். அதே முனையில் புதுப் பேப்பர் சுற்றி, டெஸ்டரை மாட்டியபடியே எஞ்சினை ஓடவிட்டு, சூடாகவிட்டேன். டெஸ்டருக்கு மூடியைப்போலத் தானாகத் திறக்கும் வால்வு இல்லாமல் இருக்கலாம் என்பதால் கேஜைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அழுத்தம் ஏறினால் உடனே இறக்க வேண்டும். ஃபேன் பக்கம் கையோ துணியோ போகவே கூடாது. எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தபோது பேப்பர் காய்ந்தே இருந்தது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி 13-க்குக் கொண்டுவந்ததும் ஊறத் தொடங்கியது. அதாவது இது குளிரில் கசிந்து சூட்டில் அடைத்துக்கொள்ளும் கசிவு. ரப்பர் எஃகைவிட அதிகமாக விரியும், அதிகமாகச் சுருங்கும். சூட்டில் ஹோஸ் விரிந்து கிளாம்புக்குள் இறுகிக்கொள்கிறது. ஆறினால் சுருங்குகிறது, ஸ்க்ரூ கிளாம்ப் கூடவே சுருங்காது, பிடி தளர்கிறது. பழைய ரப்பர் நெகிழ்வு இழந்து கிளாம்பின் வடிவிலேயே இறுகிப்போயிருந்தால் இன்னும் மோசம். சூடான வண்டியைக் கொண்டுபோய்ப் பானட்டைத் திறந்து காட்டினால் "கசிவு எதுவும் இல்லையே" என்ற பதில் வருவது இதனால்தான். பார்க்கிறவர் மேல் தப்பில்லை, பார்க்கும் நேரம் தப்பு.

கிளாம்பை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. இந்த இடத்தில் இன்னும் இறுக்கலாம் என்ற ஆசை வரும். ஸ்க்ரூ கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் பட்டை ரப்பரை வெட்டிவிடும், அவ்வளவுதான் நடக்கும். ரேடியேட்டர் அடிப்பக்க வடிகாலைத் திறந்து பெரிய பேசனில் கூலண்டை வடித்துவிட்டு, ஹோஸைக் கழற்றுவதற்கு இறங்கினேன்.

வடித்த கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகத்தை அழித்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுப்பது எஃகுக் குழாய் என்றால் பரவாயில்லை, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்ப் பக்கம் அப்படிச் செய்தால் புது ஹீட்டர் செலவு. எப்படியும் ஹோஸை மாற்றத்தான் போகிறேன் என்பதால் கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோலைப்போல உரித்து எடுத்தேன்.

உள்ளே இருந்த காட்சிதான் மொத்தக் கதைக்கும் விளக்கம். ஹோஸால் மூடப்படாத குழாய்ப் பகுதி மேல்பூச்சோடு நன்றாக இருந்தது. ஹோஸுக்கு அடியில் இருந்த பகுதி மட்டும் கறுத்த துருவும், அதைக் கம்பி பிரஷால் தேய்த்ததும் அம்மைத் தழும்புகள் மாதிரிக் குழிகளும். கிளாம்ப் அழுத்திய இடத்தின் இரண்டு பக்கமும் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குழாயின் முனையிலிருந்து வெளி விளிம்பு வரை ஒரு சின்ன வாய்க்காலாகவே ஆகியிருந்தன. கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் விறைத்த ரப்பர் அந்த வாய்க்காலின் அடிவரை இறங்கி அடைக்காது. ஆழமான குழியில் கூர் ஊசியை வைத்து அழுத்தினேன். மறுபக்கம் போய்விட்டது.

ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே புகும் மெல்லிய கூலண்ட் படலம் ஓடுவதில்லை, புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், வெளியே மிச்சமிருக்கும். இந்த வித்தியாசமே அரிப்பைத் தூண்டப் போதும். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துகள் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதும், யாராவது குழாய்த் தண்ணீரை ஊற்றி உப்பைச் சேர்ப்பதும் நடந்தால் வேகம் கூடும். வடித்த கூலண்ட் பச்சையைவிடப் பழுப்புக்கு நெருக்கமாக இருந்தது. அதைப் பார்த்தாலே வரலாறு தெரிகிறது. எர்த் சரியில்லாமல் கூலண்ட் வழியாக மின்சாரம் ஓடினாலும் இப்படி அரிக்கும் என்பதால், வடிக்கும் முன்பே மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்புக் கம்பியை ரேடியேட்டர் கழுத்தில் உலோகத்தைத் தொடாமல் கூலண்டில் மட்டும் முக்கிப் பார்த்திருந்தேன். 0.1 வோல்ட் அளவுதான். 0.3-ஐத் தாண்டினால் எர்த் வயர்களைத் தேடியிருப்பேன்.

குழாயை எப்போக்ஸி வைத்து அடைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டால் நானும் செய்வேன். கையில் நேரமும் பாகமும் இருக்கும்போது ஊசி போகும் குழாயைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு போல்ட், பம்ப் பக்கம் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), இன்டேக் மேனிஃபோல்டைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டைக் கழற்றினால் குழாய் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. போல்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்ததால் உடையாமல் வந்தன. புதுக் குழாயின் ஓ-ரிங்கைக் கூலண்டிலேயே நனைத்து உள்ளே தள்ளினேன். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவும் பழக்கம் இங்கே வேண்டாம், கூலண்ட் பக்கம் பயன்படும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் மாற்றினேன், ஒரே வயது, ஒரே சூடு. ஸ்க்ரூ கிளாம்புக்குப் பதில் ஸ்பிரிங் கிளாம்ப் போட்டேன். ஹோஸ் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கிப் பிடியைக் காப்பாற்றும். மாட்டுவதற்கு எரிச்சலான பொருள்தான், ஆனால் குளிர்க்கசிவுக்கு அதைவிட நல்லது கிடையாது.

உள்ளே இருந்த பழுப்பைக் கழுவ, சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்தேன். கடைசி முறை மட்டும் டிஸ்டில்டு வாட்டர். இதற்குப் பிறகு கலவையில்தான் கணக்குப் பிசகும். ரேடியேட்டரை வடித்தாலும் பிளாக்குக்குள் ஒரு பங்கு தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஊற்றினால் உள்ளே இருப்பது பாதிக்கும் குறைவாகிவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து, அதில் சரிபாதியைக் கலக்காத கூலண்டாக முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு நேராகிவிடும். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காமல் கையேடு சொல்லும் வகையைப் பார்த்து வாங்கினேன். நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு நிறம்.

காற்று எடுப்பதில் அவசரப்படக்கூடாது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக்கொண்டே இருந்தேன். குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்கும், ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் திடீரென்று சுடும், மட்டம் ஒரேயடியாக இறங்கும். அப்போது நிரப்பி மூடியைப் போட்டேன். காருக்குள் ஹீட்டரில் நல்ல சூடான காற்று தொடர்ந்து வந்தது. அது நடுவில் குளிர்ந்து குளிர்ந்து வந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது.

கசிவடைக்கும் மருந்து ஊற்றியிருந்தால் இத்தனை வேலையும் வேண்டாமே என்று கேட்கலாம். இந்தக் கசிவை அது கொஞ்ச காலம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓட்டையைத் தேடிப் போகும் அதே துகள்கள் ஹீட்டர் கோரின் குறுகலான குழாய்களிலும் படியும், அப்புறம் வேறு வேலை. டிக்கியில் ஒரு பாட்டில் அவசரத்துக்குக் கிடக்கலாம். முதல் மருந்தாக நான் ஊற்ற மாட்டேன்.

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில் டெஸ்டரை மாட்டி 13 ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து 13. இரவு முழுக்க விட்டுப் பார்த்ததில் அரை பிஎஸ்ஐ இறங்கியிருந்தது, இரவில் காற்று குளிர்ந்ததற்கு அந்த அளவு சரிதான். டிஷ்யூ காய்ந்திருந்தது. ரிசர்வ் டேங்கில் காலை மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். முதல் சில ஓட்டங்களில் மிச்சமிருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கியது, ஒருமுறை நிரப்பினேன், அதற்குப் பிறகு கோட்டிலேயே நிற்கிறது.

துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ரேடியேட்டரின் மேல் தொட்டி, ஹோஸ் மாட்டும் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வெளிறிப் பழுப்பேறி, மெல்லிய கோடுகள் விட்டிருக்கிறது. நைலான் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் சூட்டில் வெந்தால் இப்படித்தான் ஆகும், ஒருநாள் கழுத்தோடு ஒடிந்து வரும். இப்போது அழுத்தத்தில் பிடித்து நிற்கிறது. புது ரேடியேட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அது வரும்வரை அந்தக் கிளாம்பில் கை வைக்கப் போவதில்லை.